நுனி

பண்ணைக்காட்டில் விடாத ஐப்பசி மழை.
என் இடது விலாவில் அக்கி.
முதுகில் தொடங்கிய கொப்புளங்கள்
முன்பக்கம் வரும் வழியில் நின்றுவிட்டன,
காசு தீர்ந்து பாதியில் விட்ட வேலி போல.

வத்தலக்குண்டு டாக்டர் சொன்னார்:
சின்ன வயதில் வந்த அம்மை போகவே இல்லை.
முதுகெலும்போரம் நரம்பின் வேரில்
முப்பது வருஷம் படுத்திருந்து
இப்போது எழுந்திருக்கிறது.

அன்று காலை நானும்
வேறோர் உடம்புக்கு அதையேதான் எழுதியிருந்தேன்:
நரம்பில் வைரஸ்.
வாழை இலையைப் புரட்டினால்
நரம்போரம் கரும்பச்சையில் கோடும் புள்ளியும்,
யாரோ தந்தி அடித்தது போல.
நல்லவேளை தமிழில்
இலைக்கும் எனக்கும் ஒரே சொல்.

தடியன்குடிசைச் சரிவில்
தவசியாண்டி மன்றாடியாருக்கு ஐந்நூறு மலைவாழை.
தலை கொத்தாகி, இலை கூம்பி,
ஒரு தார் தள்ளாமல் நின்றதையெல்லாம் வெட்டிவிட்டு
பார்வைக்குத் தப்பித்த நாற்பது கட்டைகளை
சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வந்தார்.
பார்வைக்கு என்றேன்.
வாழையடி வாழையாக வருவது
நோயும்தான்.

என் வேலை உரிப்பது.
மட்டை, மட்டைக்குள் மட்டை,
அதற்குள் விரல் நகம்போல் இன்னொன்று.
கடைசியில் உருப்பெருக்கியின் கீழே
ஈரமாய் ஒரு நுனி, கடுகில் கால்பங்கு.
இலையாவதா என்று இன்னும் முடிவெடுக்காத இடம்.
அங்கே நரம்பு ஓடவில்லை.
ஓடாத நரம்பில் வைரஸ் வர முடியாது,
அதாவது வந்திருக்காது என்று
நம்பித்தான் வெட்டுகிறோம்.
கொஞ்சம் கூட வெட்டினால் நோயும் சேர்ந்து வரும்.
குறைத்து வெட்டினால் உயிரே வராது.
கை நடுங்கக்கூடாது.
விலா எரிகிறது.

நாளுக்கு ஐந்து மாத்திரை.
அது வைரஸைக் கொல்லாதாம்.
வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது
அசல் போலவே ஒரு பொய்யெழுத்தை நீட்டும்;
வாங்கி எழுதியதும்
வாக்கியம் அங்கேயே நின்றுவிடும்.
கண்டுபிடித்தவர் கையை முத்தமிடலாம்.
ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய்
காவி குழைத்து அக்கியும் எழுதிக்கொண்டேன்.
சிங்கம் வரைந்தார். வால் போடும்போது கூசியது.
ஒரே விலாவில் இரண்டு எழுத்து.
ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

நுனிகள் துளிர்த்த பின்பு சோதனை.
தொண்ணூற்றாறு குழித் தட்டில்
சாறு விட்டுக் காத்திருக்கும் அரைமணி நேரம்
எனக்கு மஞ்சள் பிடிக்காது.
பத்திரிகையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவும் ஊரில்
இந்தத் தட்டில் மட்டும் அது சாவுச் சேதி.
முப்பத்தேழு மஞ்சள்.
மூன்று வெறும் தண்ணீர்.
அந்த மூன்றையும் மறுபடி வைத்தேன்.
மறுபடியும் தண்ணீர்.

அதற்குப் பிறகு நகலெடுப்பதுதான் வேலை,
மூன்றை ஒன்பதாக்கி, ஒன்பதை இருபதாக்கி.
வைரஸ் செய்வதும் இதையேதான் என்பது
விளக்கணைக்கும்போது மட்டும் ஞாபகம் வரும்.

மாசியில் அவர் வந்தார்.
தோளில் துண்டு. துண்டின் மடிப்பில்
பொட்டளவு கறுப்பு அசுவினி ஒன்று.
உள்ளே வராதீங்க என்று
கண்ணாடிக்கு இப்பால் நின்று பாட்டிலைக் காட்டினேன்.

"மூணுதானா?"
"தாய் மூணு. கன்னு ஐந்நூறு தருவேன்."
"வெச்சா மறுபடி வராதா?"
"பூச்சி வந்தா வரும்."
"அப்ப எதுக்கும்மா இம்புட்டு?"

பதில் தேடுகிற நேரத்தில்
நான் விலாவைப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டார்.
"அக்கியா? எழுதினீங்களா?"
"எழுதினேன். மாத்திரையும் போட்டேன்."
"போயிருச்சா?"
"படுத்திருக்கு."

சிரித்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போய்
துண்டை உதறாமல் மடித்து
ரோட்டோரக் கல்லில் வைத்துவிட்டு
வெறும் தோளோடு
மழையில் திரும்பி வந்தார்.